சூப்பர்டிரெண்டை விற்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது: எந்த அளவு, எந்த சார்ட், ஆர்டர் எப்போது?

கரூர்_ஸ்விங் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. எதை வாங்கலாம் என்று இங்கே தினமும் பேசுகிறோம். வாங்கியதை எப்போது விற்பது என்ற பேச்சு வந்தால் மட்டும் "டார்கெட் வந்ததும் புக் பண்ணுங்க" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அதனால் விற்பதைப் பற்றி மட்டும் பேச இந்த இழை.

சூப்பர்டிரெண்ட் என்பது சார்ட்டில் விலையைப் பின்தொடரும் ஒரு கோடு: ஏறும்போது விலைக்குக் கீழே பச்சை, விலை அதை உடைத்துக் கீழே முடிந்தால் மேலே சிவப்பு. நான் அதைப் பச்சை வந்தால் வாங்கு, சிவப்பு வந்தால் விற்று ஷார்ட் போ (கையில் இல்லாததை முதலில் விற்பது) என்று பயன்படுத்துவதில்லை. வாங்குவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்: ரிசல்ட், பிரேக்அவுட், துறை நன்றாக இருப்பது, எதுவானாலும் சரி. வாங்கிய நிமிடத்திலிருந்து அந்தப் பங்கை எப்போது விடுவது என்பதை மட்டும் இந்தக் கோட்டிடம் ஒப்படைக்கிறேன். வாங்கும்போதே கோடு எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டால், விலை ஆடும்போது உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அவசியமே வராது. என் கருத்தில் இந்த இண்டிகேட்டரின் உண்மையான பயன் இதுதான். இதை வைத்து வாங்குவது அதன் பலவீனமான பக்கம்.

கணக்கு தெரியாமல் கோட்டை மட்டும் பார்ப்பவர்களுக்காக ஒரு கற்பனைப் பங்கு. 10, 3 அளவு, அதாவது 10 நாள் ஏடிஆர் (பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பது), அதில் மூன்று மடங்கு தூரம்.

முதல் நாள்: ஹை 612, லோ 596, குளோஸ் 610. நடுப்புள்ளி 604. ஏடிஆர் 14 என்று வைத்துக்கொள்வோம். 14ஐ மூன்றால் பெருக்கினால் 42. 604 கழித்தல் 42, கோடு 562.

இரண்டாம் நாள்: ஹை 626, லோ 610, குளோஸ் 622. அன்றைய ட்ரூ ரேஞ்ச் (முந்தைய நாள் குளோஸையும் சேர்த்துப் பார்த்த அன்றைய ஆட்டம்) 16, ஏடிஆர் 14.2 ஆகிறது. நடுப்புள்ளி 618, கழித்தல் 42.6. கோடு 575.4க்கு ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் அடி விழுகிறது: ஹை 622, லோ 584, குளோஸ் 590. ட்ரூ ரேஞ்ச் 38. ஏடிஆர் 16.58க்குத் தாவுகிறது. புதிதாகக் கணக்கிட்டால் கோடு 553 பக்கம் வர வேண்டும். ஆனால் வராது. ஏறிய கோடு, டிரெண்ட் முறியும் வரை இறங்கக் கூடாது என்பதுதான் இதன் விதி. அதனால் 575.4லேயே நிற்கும். குளோஸ் 590 அதற்கு மேலே இருப்பதால் நாம் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம்.

பயம் அதிகமாகி ஏடிஆர் ஊதும்போது ஸ்டாப்லாஸும் கூடவே கீழே நகர்ந்தால் அது ஸ்டாப்லாஸே இல்லை. சக் லெபோவின் சாண்டலியர் எக்ஸிட் என்ற இன்னொரு விற்கும் கோட்டை அப்படியே சூத்திரப்படி போட்டால் (22 நாள் ஹையிலிருந்து 3 ஏடிஆர்) சில நாட்களில் கோடு கீழே வரும். அதைத் தடுக்கத் தனியாக ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். சூப்பர்டிரெண்டில் அது கூடவே வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 626 ஹை பார்த்த பங்கில் நம் எக்ஸிட் 575. உச்சத்திலிருந்து 8 சதவீதம் கீழே. அந்த 8 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் ஒப்பாதவர்கள் இந்த முறைக்கே வரக் கூடாது. உச்சத்தில் விற்றுக் கொடுக்க எந்த டிரெண்ட் கருவியாலும் முடியாது.

எத்தனை பங்கு வாங்கலாம் என்பதையும் இதே கோடு சொல்லிவிடும். 610க்கு வாங்கினால் கோடு 562, இடைவெளி 48 ரூபாய். ஐந்து லட்சம் முதலில் ஒரு டிரேடுக்கு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய்தான் ரிஸ்க் என்றால், 104 பங்கு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

மற்றவர்கள் எந்த அளவு வைக்கிறீர்கள், டெய்லியா வீக்லியா, நடுநாளில் உடைந்தால் விற்பீர்களா, குளோஸ் வரை பொறுப்பீர்களா, சொல்லுங்கள்.


வார_சார்ட்

நல்ல தொடக்கம். ஆனால் டெய்லி 10, 3 என்பதை நான் ஏற்கவில்லை. நிஃப்டி பீஸ் மாதிரி இண்டெக்ஸ் இடிஎஃப் (இண்டெக்ஸை அப்படியே பின்தொடரும் ஃபண்ட்) வைத்திருப்பவர்களுக்கு அது தப்பான அளவு.

2024 ஜூன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 3 அன்று எக்ஸிட் போல் உற்சாகத்தில் நிஃப்டி 23,264ல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 21,281 வரை போய் 21,884ல் முடிந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம். டெய்லி கோடு அன்று குளோஸிலேயே உடைந்துவிட்டது, நடுநாள் குளோஸ் என்ற வாதத்துக்கே இடமில்லை. விதிப்படி நடந்தவர் விற்றிருப்பார். அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் 7, நிஃப்டி 23,290ல் முடிந்தது. விற்ற விலையை விட 1,400 புள்ளி மேலே!

வீக்லி சார்ட்டில் பாருங்கள். அந்த வாரம் ஒரு நீண்ட வால் உள்ள கேண்டில், அவ்வளவுதான்.

"அப்படியானால் பெரிய வீழ்ச்சியில் வீக்லி தாமதமாகாதா?" என்று கேட்பீர்கள். 2020ஐப் பாருங்கள். ஜனவரியில் 12,430 தொட்ட நிஃப்டி, பிப்ரவரி 28 வார முடிவில் 11,201. வீக்லி கோடு அதற்கு மேலே இருந்தது, எக்ஸிட் வந்துவிட்டது. உச்சத்திலிருந்து சுமார் 10 சதவீதம் கொடுத்தோம், சரி. அப்புறம் மார்ச் 24 அன்று 7,511. வெளியே வந்த விலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு காலி. அந்த 10 சதவீதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.


புதியவன்_மதுரை

ஒரு சந்தேகம் அண்ணா. ஒரே பங்கு, ஒரே 10, 3. என் புரோக்கர் ஆப்பில் கோடு ஒரு இடத்தில் இருக்கிறது, நண்பர் வைத்திருக்கும் சார்ட் தளத்தில் ஏழெட்டு ரூபாய் தள்ளி இருக்கிறது. ஒன்றில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு என்றுகூட ஒருநாள் வந்தது. எதை நம்புவது?


கரூர்_ஸ்விங்

தம்பி, இரண்டுமே சரியாக இருக்கலாம். காரணம் ஏடிஆர் சராசரி எடுக்கும் விதம். 1978ல் வெல்ஸ் வைல்டர் ஏடிஆரைக் கொடுத்தபோது, பழைய ஏடிஆரை 9ஆல் பெருக்கி, புதிய ரேஞ்சைக் கூட்டி, 10ஆல் வகுக்கும் முறையைத்தான் கொடுத்தார் (10 நாள் அளவுக்கு). சில தளங்களில் அதற்குப் பதிலாகக் கடைசி 10 நாளின் சாதாரண சராசரி இருக்கும். சாதாரண சராசரியில் ஒரு பெரிய நாள் பதினோராவது நாள் திடீரென்று கழன்றுவிடும். வைல்டர் முறையில் அது மெதுவாகத்தான் தேயும்.

இன்னொரு காரணம், வைல்டர் முறை பழைய தரவைச் சார்ந்தது. ஆறு மாத சார்ட்டில் தொடங்கிய ஏடிஆரும் மூன்று வருட சார்ட்டில் தொடங்கிய ஏடிஆரும் ஆரம்பத்தில் கொஞ்சம் வேறுபடும். அதனால் குறைந்தது ஒரு வருடத் தரவு ஏற்றிய பிறகே கோட்டைப் பாருங்கள்.

எந்தத் தளம் என்பது முக்கியமில்லை. ஒரு பங்கை எந்த சார்ட்டைப் பார்த்து வாங்கினீர்களோ, விற்கும் வரை அதே சார்ட். நடுவில் மாற்றினால் நமக்குப் பிடித்த நிறத்தைத் தேடித் தளம் தளமாக அலைய ஆரம்பித்துவிடுவோம்.

பச்சை சிவப்பு மாறி மாறி வருவதற்கு இன்னொரு காரணம், நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும் கேண்டிலைப் பார்த்திருக்கலாம். 11 மணிக்குச் சிவப்பாகி 3 மணிக்குப் பச்சைக்குத் திரும்பும். கேண்டில் முடிந்த பிறகு மாறாது.

வார_சார்ட் சார், ஜூன் 4 உதாரணம் நியாயமானது. இண்டெக்ஸ் இடிஎஃப்புக்கு வீக்லி என்பதை ஒத்துக்கொள்கிறேன். தனிப் பங்குக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். இண்டெக்ஸ் திரும்ப எழும், ஒரு கம்பெனி எழ வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு மிட்கேப்பில் வீக்லி 3 ஏடிஆர் என்றால் சில நேரம் 20, 25 சதவீதம் தூரம். அந்தத் தூரத்துக்கு 1 சதவீத ரிஸ்க் கணக்குப் போட்டால் வாங்கும் அளவு மிகச் சிறியதாகிவிடும்.


பழைய_டீலர்

பல வருடம் டீலிங் ரூமில் இருந்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் சொல்கிறேன். கோடு எங்கே போடுவது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். ஆர்டர் எப்படிப் போகும் என்று யாரும் பேசவில்லை. பணம் போவது அங்கேதான்.

நம் எக்ஸ்சேஞ்சில் ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்று ஒரு நாளைக்குத்தான். 3.30க்கு ரத்தாகிவிடும். அதனால்தான் எல்லோரும் ஜிடிடிக்குப் போகிறார்கள். ஜிடிடி என்பது எக்ஸ்சேஞ்சில் காத்திருக்கும் ஆர்டர் இல்லை, புரோக்கர் சர்வரில் காத்திருக்கும் ஒரு ட்ரிக்கர். விலை தொட்டதும் பெரும்பாலும் ஒரு லிமிட் ஆர்டர் போகும். ட்ரிக்கர் 575, லிமிட்டும் 575 என்று வைத்தால், காலையில் பங்கு 560ல் திறக்கும் நாளில் ஆர்டர் 575ல் பரிதாபமாக நிற்கும், பங்கு 540க்குப் போய்க்கொண்டிருக்கும்.

லிமிட்டைத் தாராளமாகக் கீழே வையுங்கள். ட்ரிக்கர் 575, லிமிட் 550. "ஐயோ 550க்கே விற்றுவிடுமே" என்று பயப்பட வேண்டாம். லிமிட் என்பது குறைந்தபட்ச விலை. வாங்க 573ல் ஆள் இருந்தால் 573க்கே போகும்.

இன்னொன்று, டிமேட்டிலிருந்து பங்கை எடுக்க அனுமதி. டிடிபிஐ (விற்கும்போது புரோக்கரே பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒருமுறை அனுமதி) கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை (2022 நவம்பரில் பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக செபி கொண்டுவந்தது). கொடுக்காதவர்கள் டிபின் (டிமேட்டுக்கான ரகசிய எண்) போட்டு அனுமதி தந்திருக்க வேண்டும். அது இல்லாமல் ஜிடிடி ட்ரிக்கர் ஆனாலும் ஆர்டர் ரிஜெக்ட் ஆகும். அந்த நேரம் நீங்கள் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருப்பீர்கள். இப்போதே உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், குளோஸ் வரை பொறுப்பதா என்ற கேள்வி. கோட்டைக் குளோஸில் பாருங்கள், அதற்குக் கீழே தூரமாக ஒரு ஜிடிடி வையுங்கள். கோடு 575 என்றால் ஜிடிடி 555 பக்கம். சாதாரண நாளில் கோடு முடிவு செய்யும். நாசமான நாளில் ஜிடிடி முடிவு செய்யும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் காலை 9.20க்கு விழும் ஒரு ஊசிக் கேண்டில் உங்களை வெளியே எடுத்துவிட்டு மேலே போகும்.


புதியவன்_மதுரை

குளோஸில் விற்பது என்றால் 3.30க்கு மார்க்கெட் மூடிவிடுமே அண்ணா. அதற்கு அப்புறம் எப்படி விற்பது?


பழைய_டீலர்

நல்ல கேள்வி. இறங்கும் நாளில் கோடு புதிதாக எங்கும் போவதில்லை. அதனால் நேற்று இரவு பார்த்த எண்ணே இன்றைய எண். 3.20க்குப் பாருங்கள். விலை அதற்குத் தெளிவாகக் கீழே இருந்தால் விற்றுவிடுங்கள். ஒட்டி நின்றால் விடுங்கள், நாளைக் காலை பார்க்கலாம்.

ஒட்டி நிற்கும்போது ஏன் விடச் சொல்கிறேன் என்றால், என்எஸ்இயின் அதிகாரபூர்வ குளோஸ் கடைசி டிரேடு விலை இல்லை. 3 முதல் 3.30 வரை நடந்த வியாபாரத்தின் எடையிட்ட சராசரி. கடைசி டிரேடு 574, குளோஸ் 576.50 என்று வருவது சாதாரணம். உங்கள் சார்ட் எதை எடுக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும்.

3.40 முதல் 4 வரை போஸ்ட் குளோஸ் என்று ஒரு நேரம் உண்டு, குளோஸ் விலைக்கே ஆர்டர் போடலாம். பெரிய பங்கில் கொஞ்சம் நடக்கும். சின்னப் பங்கில் அதை நம்பி இருக்காதீர்கள்.


நீண்டகாலம்_மட்டும்

இவ்வளவு சிரமம் எதற்கு? நல்ல கம்பெனி வாங்கினால் கோடு எதற்கு? விலை விழுந்தால் இன்னும் வாங்கலாமே. 2020 மார்ச்சில் விற்காமல் இருந்தவர்கள் எல்லோரும் அதே வருடக் கடைசிக்குள் மீண்டுவிட்டார்கள். கோட்டைப் பார்த்து விற்றவர்களில் எத்தனை பேர் திரும்ப வாங்கினார்கள்?


கரூர்_ஸ்விங்

கடைசிக் கேள்வி மிகச் சரியான கேள்வி, அதற்கு வருகிறேன். முதலில் "நல்ல கம்பெனி" பற்றி.

இண்டஸ்இண்ட் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச் 10 மாலை, டெரிவேட்டிவ் கணக்கில் வேறுபாடு இருப்பதாக வங்கியே எக்ஸ்சேஞ்சுக்கு அறிவித்தது. மறுநாள் பங்கு 27 சதவீதம் விழுந்தது, 900லிருந்து 656க்கு. இதைக் கோடு முன்கூட்டிச் சொல்லுமா? சொல்லாது. ஆனால் 2024 செப்டம்பர் கடைசியில் அந்தப் பங்கு 1,400க்கு மேலே இருந்தது. அங்கிருந்து 900 வரை பல மாதம் இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் அக்டோபர் 25 அன்று ரிசல்ட் பிடிக்காமல் ஒரே நாளில் 18 சதவீதத்துக்கு மேல் அடி. டெய்லி கோடு வைத்தவரோ வீக்லி வைத்தவரோ மார்ச் மாதம் அதில் இருக்க வாய்ப்பில்லை. அறிவிப்பில் என்ன வரப்போகிறது என்று தெரியாமலேயே வெளியே வந்திருப்பார். எனக்குக் கோட்டில் பிடித்தது இதுதான்: காரணம் தெரியும் வரை அது காத்திருப்பதில்லை.

அது தலைப்புச் செய்தியான பங்கு. நம்மில் எத்தனை பேர் டிமேட்டில் 60, 70 சதவீதம் இறங்கிய பங்குகள் "நல்ல கம்பெனி" என்று வாங்கி அப்படியே கிடக்கின்றன? இண்டெக்ஸ் மீண்டது என்று சொல்கிறோம். இண்டெக்ஸில் தேறாதவற்றை எடுத்துவிட்டு வேறு சேர்க்கிறார்கள். நம் டிமேட்டில் அந்த வேலையை யார் செய்வது?

திரும்ப வாங்குவது. 2024 செப்டம்பர் 27ல் நிஃப்டி 26,277. அக்டோபர் 3 அன்று 546 புள்ளி விழுந்து 25,250ல் முடிந்தது, டெய்லி கோடு உடைந்தது. அங்கே வெளியே வந்தவர் உச்சத்திலிருந்து 4 சதவீதம் கொடுத்தார். அப்புறம் 2025 ஏப்ரல் 7ல் 21,743 வரை போனது, உச்சத்திலிருந்து 17 சதவீதம். எக்ஸிட் பிரமாதம். ஆனால் நடுவில் டிசம்பர் முதல் வாரம் 24,850 வரை ஏறியது. "அப்பாடா திரும்பிவிட்டது" என்று உள்ளே போனவர்களுக்கு டிசம்பர் 20 அன்று 23,587. இந்த இடத்தில்தான் சூப்பர்டிரெண்டை வாங்கவும் பயன்படுத்துபவர்கள் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்கள். அதனால் என் விதி: கோடு உடைந்து விற்ற பங்கை, பச்சை வந்தது என்பதற்காக மட்டும் திரும்ப வாங்க மாட்டேன். முதலில் வாங்கியபோது இருந்த அளவுக்குத் தனியான காரணம் மறுபடி வேண்டும். பெரும்பாலும் அது, விற்ற பிறகு வந்த ஒரு பேஸை (விலை ஒரே வரம்புக்குள் நின்று ஆடும் இடம்) உடைத்து மேலே வருவது. அதற்குள் சில சதவீதம் போயிருக்கும், அதை ஏற்றுக்கொள்கிறேன்.


சேலம்_கணக்கர்

வரி பற்றி யாரும் பேசவில்லை. நான் கணக்கு எழுதுபவள், அதனால் என் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது.

2024 ஜூலை 23லிருந்து ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம். ஒரு வருடம் தாண்டினால் 12.5, அதுவும் நிதியாண்டில் முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை. எல்லோரும் "20க்கும் 12.5க்கும் ஏழரை சதவீதம்தானே வித்தியாசம்" என்று நினைக்கிறார்கள். சிறு முதலீட்டாளருக்கு அப்படி இல்லை.

மூன்று லட்சத்துக்கு வாங்கிய பங்கு நான்கு லட்சம் ஆகியிருக்கிறது. பதினொன்றரை மாதம் ஆகிவிட்டது. கோடு உடைகிறது. இன்று விற்றால் ஒரு லட்சம் லாபத்துக்கு 20,000 ரூபாய், செஸ் தனி. ஒரு வருடம் முடிந்த மறுநாள் விற்றால், அந்த ஆண்டில் வேறு நீண்டகால லாபம் இல்லையென்றால், பூஜ்யம். நான்கு லட்சத்தில் 20,000 என்பது 5 சதவீதம். அதாவது இந்தப் பங்கு இரண்டு வாரத்தில் இன்னும் 5 சதவீதம் விழுந்தாலும் எனக்கு ஏறத்தாழ அதே பணம்தான் கைக்கு வரும். அப்படியிருக்க நான் ஏன் இன்றே விற்க வேண்டும்?


வார_சார்ட்

கணக்கு சரி மேடம். ஆனால் 5 சதவீதம் மட்டும் விழும் என்று யார் உத்தரவாதம் தருவது? கோடு உடைந்த பங்கில் ரிஸ்க் கூடியிருக்கிறது என்று நாமே சொல்லிவிட்டு, அதே நேரத்தில் வரிக்காகப் பொறுப்பது முரண்.


சேலம்_கணக்கர்

முரண் இல்லை சார். நான் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கச் சொல்லவில்லை. பதினோரு மாதம் தாண்டிய பங்குக்கு மட்டும், கோடு உடைந்த விலையிலிருந்து 5 சதவீதம் கீழே பழைய_டீலர் ஐயா சொன்ன மாதிரி ஒரு ஜிடிடி. அது தொட்டால் வெளியே. தொடாமல் தேதி கடந்தால் அன்று விற்றுவிடுவேன். இழப்பின் எல்லை முன்பே தெரிந்த எண். மூன்று மாதம் வைத்திருந்த பங்குக்கு வரியைப் பற்றி யோசிக்கவே மாட்டேன், கோடு சொன்னபடி விற்றுவிடுவேன்.


கரூர்_ஸ்விங்

இது எனக்கு உண்மையிலேயே புது யோசனை. சேலம் மேடம் சொன்னதை என் விதித் தாளில் சேர்த்துக்கொள்கிறேன். ஏறத்தாழ ஒரு வருடம் ஓடும் டிரேடு குறைவுதான், ஆனால் அப்படி ஓடுபவைதான் பெரிய லாபம் தருபவை.


எஸ்ஏஆர்_பக்கம்

தாமதமாக வருகிறேன். சூப்பர்டிரெண்டின் ஒரு குறையை யாரும் சொல்லவில்லை: அதற்கு நேரம் தெரியாது. பங்கு ஏறி முடித்து நாலு மாதம் ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தாலும் கோடு கீழே தட்டையாகப் படுத்திருக்கும். பணம் முடங்கும். வைல்டரின் இன்னொரு கருவி, விலையைப் புள்ளிகளாகத் துரத்தும் பாராபாலிக் எஸ்ஏஆர். அதில் புதிய உச்சம் வரும்போதெல்லாம் வேகக் காரணி 0.02 கூடி 0.20 வரை போகும். அப்புறம் விலை நின்றாலும் புள்ளிகள் நெருங்கிக்கொண்டே வரும். ஒன்று ஓடு, இல்லையென்றால் வெளியே போ என்று சொல்லும்.


கரூர்_ஸ்விங்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எஸ்ஏஆர் எனக்கு மிகவும் நெருக்கம். நல்ல டிரெண்டில் ஒரு சாதாரண மூச்சு வாங்கலிலேயே வெளியே எடுத்துவிடுகிறது. நேரக் குறைக்கு நான் செய்வது: எட்டு வாரம் புதிய உச்சம் இல்லையென்றால் பாதியை விற்றுவிடுவேன். மீதிப் பாதிக்குக் கோடு. ஒன்றை மாற்ற மாட்டேன்: 3ஐ 2 ஆக்கிக் கோட்டை நெருக்குவது. லாபம் வந்ததும் 2, நஷ்டத்தில் இருக்கும்போது 4 என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அது இண்டிகேட்டர் இல்லை, நம் மனநிலைதான் சார்ட்டில் வரைந்திருக்கிறது.


பழைய_டீலர்

மறந்துவிட்ட ஒன்று. டிமெர்ஜர், அதாவது கம்பெனியின் ஒரு தொழில் தனிக் கம்பெனியாகப் பிரிவது. 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸ் காலையில் தனி அமர்வில் 2,580ல் விலை கண்டது. முந்தைய நாள் குளோஸ் 2,841. ஒன்பது சதவீதம் "விழுந்தது". யாருக்கும் நஷ்டம் இல்லை, ஜியோ ஃபைனான்ஷியல் பங்குக்கான 261 ரூபாய் தனியே பிரிந்தது, அவ்வளவுதான். சரி செய்யாத சார்ட்டில் கோடு உடைந்து காட்டும். ஜிடிடி வைத்திருந்தால் அதுவும் தொட்டிருக்கும். ஸ்பிளிட், போனஸ், டிமெர்ஜர் தேதி வரும் முன் ஜிடிடியை எடுத்துவிட்டு, சார்ட் சரியான பிறகு புது எண்ணில் போடுங்கள். ஏடிஆரும் அந்தப் பொய்யான ஒரு நாளால் ஊதியிருக்கும், அதையும் பாருங்கள்.


புதியவன்_மதுரை

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. என்னிடம் இருப்பது ஒரு ஸ்மால்கேப். 5 சதவீத சர்க்யூட், ஒரு நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ விடமாட்டார்கள். இதற்கும் இதே கோடு போதுமா?


பழைய_டீலர்

போதாது தம்பி. எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) உள்ள பங்கு ஒரே நாளில் எவ்வளவு விழுந்தாலும் ஏதோ ஒரு விலையில் வாங்க ஆள் இருப்பான். 5 சதவீத சர்க்யூட் பங்கு லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் விற்க வரிசையில் நிற்கலாம், விற்க முடியாது. நாலு நாள் தொடர்ந்து பூட்டினால் 18 சதவீதத்துக்கு மேல் போய்விடும், கோடு இரண்டாம் நாளே உடைந்தும் ஒரு பங்குகூட வெளியே வந்திருக்காது. ஏடிஆரும் அங்கே ஏமாற்றும். சர்க்யூட் தடுப்பதால் ரேஞ்ச் சின்னதாகத் தெரியும், கோடு பாதுகாப்பாக அருகில் இருக்கிற மாதிரி காட்டும்.

அந்த மாதிரிப் பங்கில் கோட்டுத் தூரத்தை வைத்து அளவு போடாதே. மொத்தமும் போனாலும் தாங்கும் தொகைக்கு மட்டும் வாங்கு. உன்னிடம் இப்போது எத்தனை பங்கு, தினமும் சராசரியாக எவ்வளவு டெலிவரி நடக்கிறது? அதைச் சொல், எப்படிப் பிரித்து விற்கலாம் என்று பார்ப்போம்.


புதியவன்_மதுரை

800 பங்கு அண்ணா. தினசரி டெலிவரி அளவைப் பவ்காப்பியில் (எக்ஸ்சேஞ்ச் தினமும் வெளியிடும் பட்டியல்) பார்த்து இன்று இரவு போடுகிறேன்.